நாற்பத்தொரு நாள் விடுப்பு

சுகிர்தா அந்த நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்து முடித்திருந்தாள். அந்த ஓராண்டு நாற்பது நிமிடத்தில் நடந்தது. அந்த நேரம் முழுக்க அவள் வரவேற்பறையில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

உள்ளே வேலை பார்த்தது அவளுடைய பிரதி.

கல்லூரி வருகைப் பதிவு, பஸ் அட்டை, போன் போன இடங்கள், அனுப்பிய செய்திகள், பேசிய நேரங்கள். இரண்டு ஆண்டுச் சுவடுகளை அவள் சம்மதத்தோடு வாங்கி, அவளைப் போலவே முடிவெடுக்கும் ஒன்றை இயந்திரம் உருவாக்கும். அதை ஒரு மேசையில் உட்கார வைத்து, ஒரு வருடத்துக்கான வேலையையும் ஒரு வருடத்துக்கான வாழ்க்கையையும் அதன் மேல் கொட்டுவார்கள். மழை வரும். ரயில் நிற்கும். மேலதிகாரி கத்துவார். வீட்டில் ஒருவருக்கு உடம்பு கெடும். பிரதி என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். நேர்முகத் தேர்வு என்ற ஒன்றை யாரும் இப்போது நடத்துவதில்லை. இதுதான். பெயர், ஓட்டம்.

திரையில் முடிவு வந்தது.

வேலைத்திறன்: 91. நேர்மை: 96. எதிர்பார்க்கப்படும் விடுப்பு: 41 நாள். தேர்வாகவில்லை.

இது நான்காவது நிறுவனம். முதல் மூன்றும் காரணம் சொல்லவில்லை. சரக்குக் கப்பல்களுக்குக் கணக்கும் அட்டவணையும் போடும் இந்த நிறுவனம்தான் ஒரு எண்ணைச் சொன்னது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். கல்லூரியில் மூன்று ஆண்டில் அவள் எடுத்த விடுப்பு ஆறு நாள்.

வீடு வடசென்னையில், சரக்கு ரயில் யார்டுக்குப் பின்னால், உப்புக்காரர் சந்தில் இருந்தது. இருபத்தேழு வீடுகள். அப்பா ஏசுபாதம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு கன்டெய்னர் கிடங்கில் காவலுக்குப் போனார். அம்மா இல்லை. சுகிர்தா ஏழாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"இல்லப்பா."

"இன்னாத்துக்காம்?"

"நாப்பத்தோரு நாள் லீவு போடுவேனாம்."

"நீயா? எதுக்கு?"

"அத சொல்லல."

அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு பிசைவதை நிறுத்தினார்.

"நான்தான்," என்றார்.

"என்ன நீ?"

"வேற யாருக்குடி நீ லீவு போடுவ? வூட்ல நான் ஒருத்தன்தான கீறேன். அட்மிட் ஆகி, ஆக்சிஜன் வச்சி, அப்பால பொட்டில வச்சி. நாப்பத்தோரு நாளு சரியாத்தான் வருது. மெசினே சொல்லிருச்சு."

"சும்மா சாப்பிடுப்பா."

"என் பேர கார்டுலேந்து எடுத்துடு. தனி ஆளுன்னு எழுதிக் குடு. எங்கண்ணன் வூட்டாண்ட போயிடறேன். அவனுக்கும் சீட்டாட ஆள் கெடச்ச மாதிரி ஆவும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் காலை, அவர் ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, அவளுடைய சான்றிதழ் உறை மூன்றும் மேசை மேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அவள் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிறகு நிறுவனத்துக்கு விவரம் கேட்டு விண்ணப்பித்தாள். தோற்றவர் கேட்டால் தன் பிரதியின் ஓராண்டை ஒருமுறை பார்க்கலாம் என்று சட்டம் இருந்தது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தான் தோற்றதை நாள் வாரியாகப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

*

அதிகாரியின் பெயர் உமையாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"முதல் லீவு ரெண்டாம் மாசம். லில்லி. பிரசவம். மூணு நாள். லில்லி உங்க அக்காவா?"

"இல்ல மேடம். எதிர் வீடு."

"தாவூத். பென்ஷன் ஆபீஸ். அரை நாள், அரை நாளா நாலு தடவை. இவர்?"

"எங்க சந்துல இருக்கார். பாய்."

"மாசிலாமணி. சர்க்கரைப் புண். ஒன்பது நாள்."

"பக்கத்து வீடு மேடம். கோமளா அக்கா வீட்டுக்காரர்."

உமையாள் பட்டியலைக் கீழே நகர்த்திக்கொண்டே போனார். போலீஸ் ஸ்டேஷன், ஒரு நாள். குடிசை மாற்று வாரியம், இரண்டு நாள். ஒரு குழந்தைக்குக் காது கேட்கும் கருவி, ஐந்து நாள். மின்வாரியம். மறுபடி மாசிலாமணி. கடைசியில்தான் அந்தப் பெயர் வந்தது. ஏசுபாதம், இரண்டு நாள்.

"உங்க அப்பாவுக்கு ரெண்டு நாள். ஊருக்கு முப்பத்தொன்பது நாள்," என்றார் உமையாள். "ஏன் போறீங்க?"

சுகிர்தாவுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. அவளிடம் யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை.

"எங்க சந்துல காலேஜ் போனது நான் ஒருத்திதான் மேடம். ஆஸ்பத்திரில எந்த பில்டிங் போகணும், எந்த ஜன்னல்ல நிக்கணும்னு தெரியாது. சீட்டுல இங்கிலீஷ்ல எழுதியிருப்பாங்க. கூட ஒரு படிச்ச ஆளு நின்னா டாக்டர் நின்னு பதில் சொல்லுவார். இல்லன்னா நடந்துக்கிட்டே சொல்லிட்டுப் போயிடுவார்."

"எப்பலேர்ந்து போறீங்க?"

"பதினொண்ணாவதுலேர்ந்து. காலேஜ் டைம்ல மத்தியானம் போயிடுவேன். கிளாஸ் ஒரு மணிக்கு முடிஞ்சிரும். அதனால லீவு ஆகல."

"இங்க ஆறு மணி வரைக்கும் வேலை."

"ஆமா மேடம்."

உமையாள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "இயந்திரம் உங்களைத் தப்பாப் புரிஞ்சிக்கலை. அதத்தான் நான் சொல்லணும். அந்த ஓராண்டுல உங்க பிரதியை அறுபது தடவைக்கு மேல கூப்பிட்டிருக்காங்க. ஒரு தடவைகூட அது முடியாதுன்னு சொல்லலை. நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சுகிர்தா யோசித்தாள். "இல்ல," என்றாள்.

"உங்க பட்டத்துக்கு ஆகஸ்ட் வரைக்கும்தான் புதுசுங்கற மதிப்பு. அப்புறம் இந்த வரிசையிலேயே உங்களை நிக்க விடமாட்டாங்க. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. கடைசித் தொண்ணூறு நாளுக்குத்தான் இயந்திரம் அதிக எடை குடுக்கும். நீங்க தொண்ணூறு நாள் மாறினா பிரதி மாறிடும்."

"நடிச்சா கண்டுபிடிச்சிடாதா மேடம்?"

"ஒரு வாரம் நடிச்சா கண்டுபிடிக்கும். தொண்ணூறு நாள் விடாம நடிச்சா, அதுக்குப் பேரு நடிப்பு இல்லம்மா."

வெளியே வந்து வர்ஷிணிக்குப் போன் செய்தாள். கல்லூரியில் பக்கத்து இருக்கை. அதே நிறுவனத்தில் ஐந்து மாதமாக வேலையில் இருந்தாள்.

"உன் ஓட்டத்துல எத்தனை நாள் லீவு வந்துது?"

"நாலு. மூணார் ட்ரிப். ஏன்டி?"

"உங்க வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லாம போகலையா?"

"போச்சே. தாத்தாவுக்கு ரெண்டு அட்டாக். சேர்ந்தப்புறம் கேட்டு வாங்கிப் படிச்சேன். ஆனா அப்பா ஆபீஸ்ல அதுக்கு ஆள் இருக்கார்டி. டிரைவர் கூட்டிட்டுப் போவார், இன்னொருத்தர் அட்மிஷன் போடுவார். நான் சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வந்தேன். அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "உனக்கு எத்தனை வந்துது?"

"கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள் சுகிர்தா.

*

அப்பாவிடம் பட்டியலைச் சொன்னாள். அவர் முகம் முதலில் தெளிந்தது. பிறகு வேறு மாதிரி ஆனது.

"எனக்கு எத்தினி நாளு?"

"ரெண்டு."

"ரெண்டேவா?"

"ஆமா."

"மாசிலாமணிக்கு ஒம்போது. பெத்தவனுக்கு ரெண்டு. நல்லாக்குதுடி உன் நாயம்." சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கியதும், "தொண்ணூறு நாளுதான? நான் பாத்துக்கறேன். ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க," என்றார்.

பகல் முழுக்க அவர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கிடங்குக்குக் காவல் இருந்தவர் வீட்டுக்குக் காவல் இருந்தார்.

முதலில் வந்தவர் தாவூத் பாய். கையில் பென்ஷன் தாள்கள் இருந்த மஞ்சள் பை.

"பாப்பா வூட்ல கீதா, ஏசு?"

"இல்ல பாய். வெளிய போயிருக்கு."

"செருப்பு கெடக்குதே?"

"வேற செருப்பு போட்டுக்கினு போயிருக்கு."

"அதுகிட்ட ஒரு ஜோடிதானய்யா கீது?"

உள்ளே சுவரோடு ஒட்டி நின்ற சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கம் வந்தது. வெளியே வந்தாள்.

"இங்கதான் இருக்கேன் பாய். இந்தத் தடவை என்னால வரமுடியாது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் முடியாது."

அவர் ஏசுபாதத்தைப் பார்த்தார். ஏசுபாதம் தெருவைப் பார்த்தார். பாய் மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சரி பாப்பா," என்று நடந்தார். அவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. சந்து முனையில் நின்று தாள்களை எடுத்து, தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் வைத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் காலை கோமளா வந்தாள். பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. சீருடைப் புடவையோடு அவசரமாக நின்றாள்.

"சுகி, அவருக்குக் கால் புண்ணுல திரும்பி தண்ணி விடுது. முந்தாநாளே டோக்கன் போட்டு வச்சிட்டேன். நீ வந்து டாக்டராண்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிடு. ஒரு மணி நேரம்."

"வரமுடியாதுக்கா."

"வேல கெடச்சிருச்சா?"

"இல்லக்கா."

"பின்ன?"

சுகிர்தா சொல்லியிருக்கலாம். தன் காரணத்தைச் சொல்வது அவர்களிடமே அனுமதி கேட்பது போல என்று அவளுக்குப் பட்டது. அவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்றும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

கோமளா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபம் இல்லை. வெயிலில் பெயர்ப்பலகையைப் படிக்க முயல்கிறவர்கள் பார்ப்பது போல ஒரு பார்வை.

"சரி," என்று திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. போன் அடிக்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் சிரித்தார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், நகர்ந்தார்கள். யாரும் ஒரு சீட்டையும் நீட்டவில்லை. இருபத்தேழு வீட்டிலும் திடீரென்று ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லாமல் போனது போல இருந்தது.

அவள் வீட்டில் உட்கார்ந்து படித்தாள். இணையத்தில் சிறு வேலைகள் செய்தாள். போன் வீட்டிலேயே இருந்தது. ஆறு மணி வரை அசையாத பெண்ணாக அவள் ஒவ்வொரு நாளும் பதிவானாள். சில நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, எங்கோ போக வேண்டியதை மறந்துவிட்ட மாதிரி எழுந்து நிற்பாள். பிறகு உட்காருவாள்.

அறுபத்து மூன்றாம் நாள் சந்துக்குள் ஒரு ஆட்டோ வந்தது. உள்ளேயிருந்து மாசிலாமணியை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வலது காலில் கணுக்காலோடு கட்டு முடிந்திருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

அவள் ஓடினாள். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தார். தடுக்கவில்லை.

மாசிலாமணியைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பேசினார். "வா பாப்பா. இனிமே அஞ்சு வெரலுக்கு நகம் வெட்டினாப் போதும்."

கோமளா அவரை, "சும்மா இரு," என்றாள்.

"ஏன்கா என்னக் கூப்பிடல?" என்றாள் சுகிர்தா.

"உங்கப்பா சொன்னாரு. நான் வந்துட்டுப் போன அன்னிக்கே. ஒவ்வொரு வூடா ஏறி எறங்கிச் சொன்னாரு. தொண்ணூறு நாளைக்கு அதக் கூப்டாதீங்க, போன்கூடப் பண்ணாதீங்க, போன்ல எல்லாம் பதிவாவுதுன்னு. அப்டியா விசயம், எங்களாண்ட நீயே சொல்லக்கூடாதான்னு பாய்கூடக் கேட்டாரு. நாங்க கெடுப்பமா?"

சுகிர்தா அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?"

"ரத்தம் ஓடுதான்னு ஒரு படம் எடுக்கணும்னு எழுதிக் குடுத்தாங்க. எழுதினத ஒருத்தராண்ட காட்னேன். அந்தப் பக்கம்னாரு. போய் ரெண்டு நாளு உக்காந்தோம். மூணா நாளுதான் சொல்றாங்க, இது ரத்தம் டெஸ்ட் பண்ற எடம், படம் எடுக்கறது பின்னாடி பில்டிங்காம். அங்க போறதுக்குள்ள மேல ஏறிடுச்சு."

அந்தப் பின் கட்டடத்தை அவளுக்குத் தெரியும். சிவப்புக் கம்பிக் கதவு. உள்ளே போய் இடது பக்கம். நான்கு முறை போயிருக்கிறாள்.

"சீக்கிரம் போயிருந்தா கால் இருந்திருக்குமாக்கா?"

"அத யாரு கண்டா."

மாசிலாமணி மேலே மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"வியாழக்கிழமை கட்டு மாத்தணும்ல? நான் வரேன்," என்றாள் சுகிர்தா.

கோமளா உடனே நிமிர்ந்தாள். இதுவரை இல்லாத கோபம் இப்போது வந்தது. "வராத. இன்னும் எத்தினி நாளு கீது?"

"இருபத்தேழு."

"காலு போயாச்சி. நீ இப்ப வந்தா அதுவும் வீணாப் போவும். போ. வூட்டுக்குப் போ."

அவள் போனாள். வியாழக்கிழமை காலை ஆட்டோ வந்த சத்தம் கேட்டது. ஆட்டோ போன சத்தமும் கேட்டது. அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தைத் திருப்பினாள். திருப்பிய பக்கத்தில் என்ன இருந்தது என்று அவளால் சொல்லியிருக்க முடியாது.

*

ஆகஸ்டு முதல் வாரத்தில் மறுபடி ஓட்டம். மறுபடி நாற்பது நிமிடம். இந்த முறை அவள் பாட்டிலைத் தொடவில்லை.

வேலைத்திறன்: 92. நேர்மை: 96. எதிர்பார்க்கப்படும் விடுப்பு: 0. தேர்வு.

உமையாள் எழுந்து வந்து கைகொடுத்தார். "பூஜ்யம். நான் இந்த நாற்காலில உக்காந்து ஆறு வருஷம் ஆச்சு. பூஜ்யம் பார்த்ததில்லை." ஒப்பந்தத்தை மேசை மேல் வைத்தார். "இன்னிக்கே சேர்ந்துடலாம். ரெண்டு மணிக்குப் பயிற்சி ஆரம்பம். முதல் மாசம் மட்டும் ஜாக்கிரதை. ஒரு மணி நேரம் இல்லாட்டியும் நியமனம் ரத்து ஆயிடும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது."

சுகிர்தா கையெழுத்துப் போட்டாள். நான்கு இடம். பேனாவை மூடி வைத்தாள்.

"மேடம், அந்த ஓராண்டைப் பார்க்கலாமா?"

"தேர்வானவங்க அதிகம் கேக்கறதில்லையே."

"நான் எத்தனை தடவை முடியாதுன்னு சொன்னேன்னு பார்க்கணும்."

உமையாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையைத் திருப்பினார். தேடினார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார்.

"மறுப்பு, பூஜ்யம்," என்றார்.

"அப்ப எப்படி லீவு இல்லாம?"

"அழைப்பும் பூஜ்யம். உங்களை யாரும் கூப்பிடலை."

"ஒண்ணும் நடக்கலையா அந்த வருஷம்?"

"நடக்குது. முப்பத்தாறு நிகழ்வு இருக்கு. பிரசவம், தீ விபத்து, ஒரு சாவு. எல்லாம் உங்க சந்துலதான். யாரும் உங்களுக்குச் சொல்லலை."

சுகிர்தா திரையைப் பார்த்தாள். அழைப்புகள் என்ற கட்டத்தில் மாதம் மாதமாகக் கோடு மட்டும் இழுத்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரிசை நிரம்பியிருந்தது.

"இது என்ன மேடம்?"

"அது நீங்க கூப்பிட்டது." உமையாள் விரலால் எண்ணாமலே தொகையைப் படித்தார். "இருநூத்திப் பதினாலு தடவை. சாப்பாட்டு நேரத்துல. கோமளாவுக்கு, தாவூதுக்கு, லில்லிக்கு. அப்பாவுக்குத்தான் அதிகம்."

"எடுத்தாங்களா?"

"எல்லாரும் எடுத்திருக்காங்க."

"என்ன சொன்னாங்க?"

உமையாள் ஒன்றைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். கீழே போய் வேறொன்றைத் தொட்டார். எழுத்துகள் திரையில் வந்து வந்து போயின. அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. நல்லாக்கீறோம்மா, நீ வேலையப் பாரு. நல்லாக்கீறோம் பாப்பா, நீ வேலையப் பாரு. தீ விபத்து நடந்த அன்றும் அதுதான். சாவு விழுந்த அன்றும் அதுதான்.

"அப்பா பேர் அந்த முப்பத்தாறுல இருக்கா?"

"இருக்கு. ஒன்பதாம் மாசம். மூச்சுத் திணறல். பதினோரு நாள் அட்மிஷன்."

"நான் எங்க இருந்தேன்?"

"இங்கதான். மேசையில." உமையாள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதெல்லாம் இயந்திரம் போட்ட பதில்மா. நிஜ மனுஷங்க இல்லை."

"தெரியும் மேடம். எங்கிருந்து கத்துக்கிச்சு?"

உமையாள் ஒப்பந்தத்தின் ஒரு படியை உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார்.

வெளியே வந்தாள். மணி பதினொன்று இருபது. சாலைக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களின் நிழல் விழுந்திருந்தது. அதில் நின்று அப்பாவை அழைத்தாள். நான்கு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"கெடச்சிருச்சுப்பா."

அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஸ்தோத்திரம்," என்றார். மறுபடியும், "ஸ்தோத்திரம்," என்றார். "கையெழுத்து வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்க. ரெண்டு மணிக்கு உள்ள போகணும். எங்க இருக்க?"

"எங்க இருப்பேன். வூட்லதான்."

அவருக்குப் பின்னால் ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது. ஐம்பத்து மூன்று என்றது ஒரு ஆண் குரல். மறுபடி, ஐம்பத்து மூன்று. மூக்கடைத்த குரல். மூன்றாவது முறை கூப்பிடமாட்டார், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரியில் அந்த டோக்கன் ஜன்னல் முன்னால் அவள் எத்தனையோ நாள் நின்றிருக்கிறாள்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"நல்லாக்கீறேன்மா," என்றார் ஏசுபாதம். "நீ வேலையப் பாரு."

சரிப்பா என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டிய இடம் இது. இருநூற்றுப் பதினான்கு முறையும் பிரதி இந்த இடத்தில்தான் வைத்திருக்கும். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு லாரி போய்முடியும் வரை காத்திருந்தாள்.

"அப்பா."

"இன்னா?"

"உன் நம்பர் என்ன?"

ஒலிபெருக்கி ஐம்பத்து நான்கைக் கூப்பிட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஒரு குழந்தை அழுதது. அவர் மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டார்.

"அம்பத்தெட்டு," என்றார்.